லோகேஷ் கையால் சொன்னது

பிரஸ் மெஷினின் சூட்டு அச்சில் தமிழ்ப்ரியாவின் கை மாட்டி, கொட்டகை முழுக்க அலறல் கேட்டதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். கையைக் காப்பாற்றிவிட்டார்கள். நடுவிரலின் நுனி மட்டும் போய்விட்டது. மட்டும் என்று எழுதிவிடுவது நமக்குச் சுலபம். விரல் நம்முடையது இல்லை.

அந்த அலறலைக் கேட்க முடியாமல் பக்கத்திலேயே நின்று பெடலை அழுத்திக்கொண்டிருந்தவன் லோகேஷ். பிறந்ததிலிருந்தே அவனுக்குக் காது கேட்காது, பேச்சும் இல்லை. அவனுடைய அக்கா செல்வலட்சுமிதான் அந்த யூனிட்டுக்கு சூப்பர்வைசர்.

வடகரப்பதியில் ஒரு பழைய கோழிப்பண்ணைக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, மாற்றுத்திறனாளிகளுக்காக ஒரு டிரஸ்ட் நடத்தும் பாக்குமட்டைத் தட்டு யூனிட் அது. ஊறிய மட்டையை ஒருவர் அச்சில் வைக்க, இன்னொருவர் பெடலை அழுத்துவார். மற்ற இடங்களில் இது ஒரே ஆள் செய்கிற வேலை. இங்கே நிறையப் பேருக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பதால் ஒரு மெஷினுக்கு இரண்டு பேரை நிறுத்தினார்கள். நல்ல மனசோடு செய்த ஏற்பாடுதான். ஒருவர் கை உள்ளே இருக்கும்போது இன்னொருவர் கால் பெடலில் இருக்குமே என்பது மட்டும் அந்த நல்ல மனசுக்குத் தோன்றவில்லை.

இன்றைக்கு விசாரணை. இந்தப் பக்கத்தில் எல்லோர் வாயிலும் அது 'தெளிவெடுப்பு'. டிரஸ்ட்டின் செக்ரட்டரி ராமபத்ரன் கல்பாத்தியிலிருந்து வருகிறார். லோகேஷ் இனி மெஷினில் நிற்பானா, வீட்டுக்குப் போவானா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும்.

காலையிலேயே லோகேஷ் குளித்துவிட்டு, யூனிட்டில் கொடுத்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். இந்த வேலை கிடைக்கும் முன் அவன் இருபத்தைந்து வயதுவரை அதே படியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவன். சட்டைப் பையில் பேர் எழுதிய ஒரு சட்டை, பஸ்ஸில் தனக்கென்று ஒரு டிக்கெட், மத்தியானம் நாலு பேரோடு சாப்பாடு. இதற்கு மேல் அவன் எதுவும் கேட்டதில்லை.

"ஊட்டுக்காரர் வரலியா, அம்மிணி?" என்றாள் அம்மா சாந்தம்மாள், அடுப்படியிலிருந்து.

"பால் வண்டி மீனாட்சிபுரம் போயிருச்சும்மா. அவுங்க எங்க வர்றாங்க."

செல்வலட்சுமியின் கணவன் கருப்புசாமிக்கு வண்டி ஒரு நல்ல சாக்கு. வீட்டில் எந்தத் தகராறு நடக்கும்போதும் அது ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும். மச்சினனோடு அவர் கைப்பேச்சும் வா, போ, சாப்பிடு என்பதோடு சரி.

உண்மையில் லோகேஷின் கைப்பேச்சு முழுதாகப் புரிகிறவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். அவனைச் சைகைமொழி சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கு யாரும் அனுப்பவில்லை. அம்மாவும் அக்காவும் அவனும் சேர்ந்து வீட்டுக்குள்ளேயே உண்டாக்கிக்கொண்ட பேச்சு அது. யூனிட்டில் இருக்கும் காது கேளாத மற்ற பிள்ளைகளுக்கே அதில் பாதிதான் பிடிபடும்.

செல்வலட்சுமி தலையை வாரிக்கொண்டு கிளம்பினாள். ராத்திரி சரியாகத் தூங்காத கண். ஒரு வாரமாகவே அப்படித்தான்.

"நான் போயி வேலுத்தாயக்காவக் கூட்டிட்டு வந்தர்றேன். அவுங்களும் தெளிவெடுப்புக்கு இருந்தா நல்லது."

* * *

வேலுத்தாய் தமிழ்ப்ரியாவின் அம்மா. இடுக்கியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து, கொழுந்து பறித்து, புருஷன் போன பிறகு தங்கச்சி வீட்டை ஒட்டி இங்கே வந்து சேர்ந்தவள். திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் செல்வலட்சுமி படியேறினாள். வேலுத்தாய் திட்டவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நாங்க வரலம்மா. இன்னிக்கு இவளுக்குக் கட்டு மாத்தணும்னு வரச் சொல்லியிருக்காங்க. நாங்க வந்து என்னத்தச் சொல்ல?"

"வலி இருக்குதுங்களா?"

"வலியக் காட்ட மாட்டேங்கா. ஆனா ஒரே சொல்லப் பிடிச்சுக்கிட்டுத் தொணதொணன்னு சொல்லுதா. நீயே கேளு."

தமிழ்ப்ரியா உள்ளேயிருந்து வந்தாள். வயது இருபதைத் தாண்டிவிட்டது. எதையும் மெதுவாகத்தான் கற்றுக்கொள்வாள், கற்றதை விடமாட்டாள். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செல்வலட்சுமியின் முன்னால் வந்து நின்றாள். வலது காலைத் தூக்கி சிமெண்ட் தரையில் ஓங்கி மிதித்தாள்.

"மிதிச்சேன்க்கா."

"என்ன கண்ணு?"

"மிதிச்சுட்டுத்தான் கைய வச்சேன். மட்டை கோணலா இருந்துச்சு. மிதிச்சேன். அவன் நிறுத்தல."

மறுபடியும் மிதித்தாள். வேலுத்தாய் அவளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"ராத்திரி பூராம் இப்படித்தான். தூக்கத்துலயும் காலு உதறுது."

செல்வலட்சுமிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

கொட்டகையில் மழைத் தண்ணீர் ஏறும் என்பதால் கல் அடுக்கி, அதன்மேல் பலகை பாவி, பலகை மேல்தான் மெஷின்களை வைத்திருந்தார்கள். மட்டை வைக்கிறவர்கள் கையை உள்ளே விடும்போது பலகையில் ஒரு மிதி மிதிப்பார்கள். அந்த அதிர்வு பெடலில் நிற்கிறவனின் காலுக்கு ஏறும். அவன் காலை எடுத்துவிடுவான். கையை வெளியே எடுத்ததும் இன்னொரு மிதி. அவன் அழுத்துவான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளைகளே தங்களுக்குள் பழகிக்கொண்ட வழக்கம்.

செல்வலட்சுமி தினமும் அதைப் பார்த்திருக்கிறாள். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள். "என்ன குதியாட்டம்" என்று ஒன்றிரண்டு முறை அதட்டியும் இருக்கிறாள்.

போன மாதம் வெளிநாட்டு உதவிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள் என்றதும், மெஷின்களுக்கு முன்னால் தடிமனான ரப்பர் விரிப்பு வந்தது. அதைக் கேட்டு வாங்கியவளே செல்வலட்சுமிதான். மட்டைத் தண்ணீர் சொட்டிப் பலகை வழுக்குகிறது, நாள் முழுக்க நின்று தம்பிக்குக் கால் கடுக்கிறது, அம்மா தினமும் எண்ணெய் தேய்த்துவிடுகிறாள் என்று டிரஸ்ட் கமிட்டியில் பேசி வாங்கினாள். பாதுகாப்புக்கு என்றுதான் வாங்கினார்கள். பிள்ளைகளை விரிப்போடு நிற்கவைத்துப் போட்டோவும் எடுத்தார்கள்.

விரித்த மறுநாளே லோகேஷ் அதைச் சுருட்டி ஓரம் வைத்தான். அவள் திரும்ப விரித்தாள். மறுபடியும் சுருட்டினான். அவளிடம் வந்து கையை ஆட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தான். வாசலில் உதவிக்காரர்களின் கார் நின்றுகொண்டிருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மற்றவர்களிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அவர்கள் சொல்வது காதில் விழும். லோகேஷிடம் முகத்தைத் திருப்பினால் பேச்சு அத்தோடு தீர்ந்தது. அது தெரிந்தேதான் அவள் திருப்பினாள். பிறகு விரிப்பின் ஓரங்களில் ஆணி அடிக்கச் சொன்னாள்.

"ஏம்மா, முகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?" என்றாள் வேலுத்தாய். "ஒரு வாய் காப்பித்தண்ணி குடி."

"வேண்டாங்க்கா. நேரமாயிருச்சு."

"ஒண்ணு மட்டும் ஒங்க ஆபீசர்கிட்ட சொல்லு. கை ஆறினதும் எம்பிள்ளைய வேலைக்கு எடுத்துக்கிடணும். வீட்டுல வச்சிருந்தா இவ செத்துருவா."

செல்வலட்சுமி தலையாட்டினாள். எந்த முகத்தோடு தலையாட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

* * *

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். லோகேஷ் வெளியே படியில் இருந்தான். அவன் பக்கத்தில் இருந்தாலும் இந்தப் பேச்சு அவனுக்குக் கேட்காது. அந்த வீட்டில் ரகசியம் பேச யாரும் குரலைத் தாழ்த்தியதே இல்லை.

சாந்தம்மாள் முழுதும் கேட்டாள். கையிலிருந்த கரண்டியை வைக்கவே இல்லை.

"இத நீ அங்க போயி சொல்லப்போறயா?"

"சொல்லாம?"

"சொன்னா என்னாகும்னு யோசிச்சயா? சூப்பர்வைசர் தப்புன்னு எழுதுவாங்க. உன்னைய வெளிய அனுப்புவாங்க. கேசு கூட போடுவாங்க. உன் சம்பளம் இல்லாம இந்த ஊட்டுல அடுப்பெரியுமா?"

"அதுக்காக அவன் தலையில கட்டறதா? அவன் ஒரு தப்பும் செய்யலம்மா."

"தப்பு செஞ்சான்னு நான் சொன்னனா?" சாந்தம்மாள் கரண்டியால் வாசல்படியைக் காட்டினாள். "அவன் ஊட்டுக்கு வந்தா நான் பாத்துக்குவேன். இத்தன வருசம் பாக்கலியா? நீ போயிட்டா அந்தப் பிள்ளைங்களை யாரு பாப்பா? புதுசா வர்றவன் ஒரே மாசத்துல அத்தன பேத்தையும் தொரத்திப்போடுவான். நீ இருந்தா நாளைக்கு இவனையும் திரும்பச் சேத்துக்கலாமல்லொ?"

அம்மா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நல்லதாகப்பட்ட காரியங்களாகவே அந்த யூனிட்டில் நடந்தன. அப்படித்தான் ஒரு பெண்ணின் விரலும் போனது.

"நான் பொய் சொல்ல மாட்டேம்மா."

"நானும் வர்றேன்," என்றாள் சாந்தம்மாள், கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு.

* * *

ராமபத்ரன் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். வங்கியில் இருந்து ரிட்டையர் ஆனவர். சும்மா இருக்க வேண்டாமே என்று சேவைக்கு வந்து, இப்போது சும்மாவே இருந்திருக்கலாமே என்று தோன்றும் நிலைக்கு வந்திருக்கிறார். முழங்கால் வலியோடு பலகை மேல் ஏறி, விரிப்பின் மேல் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மெஷின்கள் ஓடவில்லை. மற்றவர்களுக்கு ஒரு வாரமாக லீவு.

"இதோ பாரு செல்வலட்சுமி. நான் யாரையும் தண்டிக்கறதுக்கு வரலையாக்கும். கமிட்டில பேசியாச்சு. காது கேக்காதவாளை இனிமே மெஷின்ல நிறுத்தப்டாது. மத்தவாளுக்கு பேக்கிங் கொடுக்கலாம். உன் தம்பி மட்டும் ஆத்துல இருக்கட்டும். லேபர் ஆபீஸ்ல கேட்டா, சம்பந்தப்பட்ட ஆளை மாத்தியாச்சுன்னு நாம சொல்லணுமே. இல்லேன்னா யூனிட்டையே பூட்டிடுவா."

"அவன்கிட்ட கேக்கவே இல்லீங்களே, சார்."

"கேக்கத்தானே வந்திருக்கேன்? கேளு. அன்னிக்கு என்ன நடந்ததுன்னு அவன் சொல்லட்டும். நீ எனக்குச் சொல்லு. வேற யாருக்கு இவன் பாஷை தெரியறது?"

செல்வலட்சுமி தம்பியின் பக்கம் திரும்பினாள். அக்கா, சூப்பர்வைசர், இப்போது மொழிபெயர்ப்பாளரும் அவளே. ஒரே ஆளை இத்தனை இடத்தில் உட்காரவைப்பது சரியில்லை என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ஆள் குறைவு என்றால் எல்லாவற்றையும் அவள் தலையில் போடுவது அங்கே பழக்கமாகிவிட்டது.

அன்னைக்கு என்ன ஆச்சு, என்று கையால் கேட்டாள்.

லோகேஷ் எழுந்து நின்றான். முதலில் தமிழ்ப்ரியாவைக் காட்டினான். அவளுக்கு அவன் வைத்திருக்கும் அடையாளம் இரட்டைச் சடை. பிறகு விரிப்பைக் காட்டி, ஒரு உள்ளங்கையால் இன்னொன்றை அமுக்கி மூடினான். காலால் விரிப்பை ஓங்கி மிதித்தான். தன் பாதத்தைத் தொட்டு, கையை விரித்து ஒன்றுமில்லை என்று காட்டினான். பலகை முன்னால் பேசியது, இப்போது பேசுவதில்லை என்றான். சுருட்டிக் காட்டினான். சுருட்டியது நான். திரும்ப விரித்தது நீ. உன்னிடம் சொல்ல வந்தேன். கடைசியாக, அவள் அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டதை அப்படியே திருப்பிக் காட்டினான்.

கோபம் எதுவும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னான்.

ராமபத்ரன் பேனாவோடு காத்திருந்தார். அந்தக் கொட்டகையில் இப்போது செல்வலட்சுமி வாயால் எது சொன்னாலும் அதுதான் லோகேஷ் சொன்னது. "பாக்கல, தெரியாம அழுத்திட்டேன்" என்று சொன்னால் போதும். அவன் அவள் வாயையேதான் பார்த்துக்கொண்டிருந்தான், நம்பிக்கையோடு.

சுவரோரம் ஸ்டூலில் இருந்த அம்மாவை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல முடியாது.

"சார், இந்தப் பிள்ளைங்க பலகைய மிதிச்சுத்தான் சைகை குடுத்துக்குவாங்க. விரிப்புப் போட்டதுல அந்த அதிர்வு இவன் காலுக்குத் தெரியல. தமிழ்ப்ரியா மிதிச்சிருக்குது. இவனுக்குத் தெரியல. விரிப்பு வேண்டாம்னு இவன் சுருட்டி வெச்சானுங்க. என்கிட்ட சொல்லவும் வந்தான். நான் கேக்கல. திரும்ப விரிச்சு ஆணி அடிக்கச் சொன்னது நானுங்க. தப்பு என்னுதுங்க."

ராமபத்ரன் எழுதவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"இது அவன் சொன்னதா, நீ சொல்றதா?"

"அவன் சொன்னதுங்க."

"பாரு. நீ அவனோட அக்கா. தம்பியைக் காப்பாத்தறதுக்கு நீ பழியை ஏத்துக்கறேன்னுதான் நேக்குத் தோணறது. கமிட்டிலயும் அதைத்தான் கேப்பா. பாதுகாப்புக்குப் போட்ட விரிப்பால கை போச்சுன்னு சொன்னா எவன் நம்புவான்? போட்டோ எடுத்து ரிப்போர்ட்டெல்லாம் அனுப்பியாச்சே."

"நீங்களே மிதிச்சுப் பாருங்க சார். தெரியும்."

"நான் மிதிக்கறதால என்னாகப் போறது? அவன் கையால சொன்னது என்னன்னு யாராவது ஒருத்தர் சொல்லணும். உன்னைத் தவிர." அவர் நிஜமாகவே களைத்திருந்தார். சுவர்ப்பக்கம் திரும்பினார். "அம்மா, உங்களுக்கும் பிள்ளை பாஷை தெரியுமோன்னோ?"

சாந்தம்மாள் ஸ்டூலில் இருந்து எழுந்தாள். "தெரியுமுங்க."

"நீங்க பெத்தவ. உங்களுக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். இப்ப என்ன சொன்னான் அவன்?"

செல்வலட்சுமி இப்போது அம்மாவைப் பார்த்தாள். லோகேஷும் பார்த்தான். அம்மாவை நோக்கி அவன் லேசாகச் சிரித்தான். தன் பேச்சு புரிகிற இரண்டாவது ஆள் எழுந்துவிட்டாளே என்ற சந்தோஷம்.

சாந்தம்மாள் மகளைத்தான் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"பராக்கா இருந்துட்டேன்னு சொல்றானுங்க," என்றாள். "அவ கைய வெச்சத கவனிக்கலியாமுங்க. விரிப்பக் காட்டுனது, அதுமேல நின்னுட்டு இருந்தேன்னு சொல்றக்குத்தானுங்க. எம்பொண்ணு பாவம், தம்பிக்காக பேசறா. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

"அம்மா!" என்றாள் செல்வலட்சுமி.

"போறும்," என்று ராமபத்ரன் கையை உயர்த்தினார். எழுத ஆரம்பித்தார். எழுதும்போது அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. தாய் சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்? எல்லோரும் தப்பித்தார்கள், ஒருவனைத் தவிர. அவனுக்கு அது இன்னும் தெரியவும் தெரியாது.

லோகேஷ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எழுதுகிறவரின் முகம், அக்காவின் முகம், அம்மாவின் குனிந்த தலை. அம்மா வாயசைத்தது அவன் எதிர்பார்த்த அளவு நீளமில்லை. அக்காவின் தோளைத் தட்டினான்.

அம்மா என்ன சொன்னாங்க?

அவன் மறுபடியும் தட்டினான்.

ஒரு முறை அவனிடம் முகத்தைத் திருப்பியாயிற்று. இன்னொரு முறை அவளால் முடியாது. அம்மா சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் கையால் சொன்னாள். நீ கவனிக்கவில்லையாம். தப்பு உன்னுடையதாம். சாந்தம்மாளுக்கும் அந்தக் கைப்பேச்சு தெரியும் என்பதால், அவள் சொன்ன பொய்யை அவளே நின்று பார்க்க வேண்டியிருந்தது.

லோகேஷ் கோபப்படவில்லை. அம்மாவிடம் போய் அவள் முன்னால் நின்றான். குனிந்திருந்த அவள் மோவாயைத் தொட்டு முகத்தைத் தூக்கினான். சின்ன வயதில் அவன் எதையாவது பிடிவாதமாகச் சொல்லும்போது செய்வது அது. பிறகு கையால் ஒன்றே ஒன்று கேட்டான்.

சாந்தம்மாள் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ராமபத்ரன் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். "என்ன கேக்கறான்?"

நாளைக்குக் காலையில் நான் எங்கே போகட்டும், என்றுதான் கேட்டான். செல்வலட்சுமிக்கு அது தெளிவாகத் தெரிந்தது. அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நீயே சொல்லும்மா," என்றாள்.